ஒரே டாக்கிள், இரண்டு தீர்ப்பு

2016 அக்டோபர் 1 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 99,981 பேர் கூடியிருந்தார்கள். ஆட்டம் கிரிக்கெட் அல்ல, ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் இறுதிப் போட்டி. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 89, சிட்னி ஸ்வான்ஸ் 67. 1954-இல் வென்ற கோப்பையை 62 ஆண்டுகள் கழித்துத்தான் புல்டாக்ஸால் மறுபடி தூக்க முடிந்தது. சிட்னி ரசிகர்களோ ஸ்கோரை விட்டுவிட்டு வேறொரு கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள்: 20–8. அன்று புல்டாக்ஸுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக் 20, சிட்னிக்குக் கிடைத்தது 8.

அம்பயர்கள் ஒரே மாதிரி ஊதுவதில்லை என்பது இந்த ஆட்டத்தில் என்றும் தீராத புகார். ஆட்டத்துக்கு ஆட்டம், அம்பயருக்கு அம்பயர், ஏன் ஒரே ஆட்டத்தில் முதல் கால்பகுதிக்கும் கடைசிக் கால்பகுதிக்கும்கூட விதி மாறுகிறது என்பார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை ரசிகர்கள் விரல் நீட்டும் இடத்தில் பெரும்பாலும் இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம். டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858-இல், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் உடம்பைத் தளரவிடாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறுவருடம் மெல்பர்னில் நாலைந்து பேர் உட்கார்ந்து முதல் விதிகளை எழுதிவிட்டார்கள். பந்தைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். எறியக் கூடாது. ஆஃப்சைடு கிடையாது. அம்பயருக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. ஆஃப்சைடு இல்லாததால் எதிரணிக்காரன் முன்னால், பின்னால், பக்கவாட்டில், சமயத்தில் தலைக்கு மேலே என்று எங்கிருந்தும் வந்து மோதுவான். ஒரு ஆட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கான மோதல்கள். அவற்றில் இரு அணிக்கும் சேர்த்துச் சுமார் 40 மோதல்களுக்கு விசில் ஊதி ஃப்ரீ கிக் தருகிறார்கள். மீதிக்கெல்லாம் "ப்ளே ஆன்".

முதலில் 20–8ஐப் பார்த்துவிடுவோம்.

அம்பயர்களுக்கு எந்தச் சார்பும் இல்லை, இரு அணிகளும் சரிசமமாகத் தப்புச் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃப்ரீ கிக்கும் நாணயம் சுண்டுவதைப் போல, தலை விழுந்தால் ஓர் அணிக்கு, பூ விழுந்தால் மற்ற அணிக்கு. 28 முறை சுண்டினால் 20–8 அல்லது அதைவிட மோசமான பங்கீடு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, வருவதற்கான வாய்ப்பு 3.6 சதவீதம். அரிதுதான், அதிசயமில்லை. வழக்கமான ஆட்டத்துக்கு வருவோம். 40 ஃப்ரீ கிக்கில் 26–14 அல்லது அதைவிடக் கோணலாகப் பிரிவதற்கு 8 சதவீத வாய்ப்பு. லீக்கில் 18 அணிகள், எல்லா அணிகளும் ஆடும் வாரத்தில் 9 ஆட்டங்கள். ஒருவரும் ஒரு பாவமும் செய்யாமலே, மூன்று வாரத்தில் இரண்டு ஆட்டங்கள் 26–14 போலக் கண்ணை உறுத்தும் கணக்கில் முடியும். அந்த இரண்டு ஆட்டங்களைப் பற்றித்தான் வாரம் முழுக்க வானொலியில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நிஜத்தில் இது நாணயம் சுண்டுவதும் அல்ல. பந்தை முதலில் சென்று எடுக்கிற அணியைத்தான் எதிரணிக்காரர்கள் கழுத்தைப் பிடிப்பார்கள், முதுகில் தள்ளுவார்கள். பந்துக்கு முந்துகிற அணிக்கு ஃப்ரீ கிக் கூடுதலாகக் கிடைப்பது இயல்பு. ஆகவே ஃப்ரீ கிக் எண்ணிக்கை, அம்பயரின் சார்பைப் பற்றித் தனியாக எதையும் நிரூபிக்காது. அதைவிட முக்கியம், அது ஊதிய விசில்களை மட்டும் எண்ணுகிறது. ஊதாமல் விட்ட நூற்றுக்கணக்கான மோதல்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அம்பயர் ஒரே சீராக இருக்கிறாரா என்பதற்கான விடை பாதிக்கு மேல் அந்த மௌனங்களில்தான் கிடக்கிறது.

சார்பு வேறு, சீரின்மை வேறு என்பதையும் இங்கேயே பிரித்து வைத்துவிடுவது நல்லது. மளிகைக் கடைத் தராசு எப்போதும் 50 கிராம் குறைத்துக் காட்டினால் அது சார்பு. ஒருமுறை 30 கிராம் கூட, மறுமுறை 40 கிராம் குறைவு என்று ஆடிக்கொண்டே இருந்தால் அது சீரின்மை. சராசரி பார்த்தால் இரண்டாவது தராசு நியாயமானது, ஆனாலும் அதில் துவரம்பருப்பு வாங்க யாரும் விரும்பமாட்டோம். டேனியல் கானமன், ஒலிவியே சிபோனி, காஸ் சன்ஸ்டீன் மூவரும் 2021-இல் வெளியிட்ட ‘நாய்ஸ்’ என்ற நூல் முழுக்க இந்த இரண்டாம் வகைப் பிழையைப் பற்றியதுதான். நீதிபதிகள், மருத்துவர்கள், காப்பீட்டு மதிப்பீட்டாளர்கள் என்று ஒரே விஷயத்துக்கு வெவ்வேறு தீர்ப்புச் சொல்பவர்களை அவர்கள் அலசினார்கள். சீரின்மையை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒருவர் பொதுவாகவே கண்டிப்பானவர், இன்னொருவர் தாராளமானவர் என்பது ஒன்று. குறிப்பிட்ட வகை விஷயத்தில் மட்டும் ஒருவர் கண்டிப்பு காட்டுவது இரண்டாவது. ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருப்பது மூன்றாவது. ஃபுட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த ஆட்டத்தின் அம்பயர்களிடம் இந்த மூன்றும் உண்டு.

ஒரு காட்சியை அருகில் போய்ப் பார்க்கலாம். ஃபுட்டியில் அதிகம் வாய்ச்சண்டை நடக்கும் விதி "ஹோல்டிங் தி பால்". பந்தை வைத்திருப்பவனைச் சரியான முறையில் பிடித்துவிட்டால் (இந்தப் பிடிதான் டாக்கிள்), அவன் உடனே பந்தை உதைத்தோ குத்தியோ அனுப்பிவிட வேண்டும். தவறினால் பிடித்தவனுக்கு ஃப்ரீ கிக். யாராவது பிடிபட்ட மறுநொடியே அரங்கம் முழுக்க "பாஆஆஆல்!" என்று அலறும். அந்த அலறலைக் கேட்காத ஃபுட்டி ஆட்டமே கிடையாது.

சொல்வதற்கு எளிது. இப்போது அம்பயரின் இடத்தில் நின்று பாருங்கள். தரையில் உருளும் பந்தை ஒருவன் குனிந்து எடுக்கிறான், அரைச்சுற்றுத் திரும்புகிறான், ஓர் அடி வைக்கிறான். பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்து இடுப்போடு சேர்த்து ஒரு கையையும் இறுக்கிக்கொள்கிறான். இருவரும் சாய்கிறார்கள், பந்து நழுவுகிறது. அம்பயருக்கு முன்னால் உள்ள கேள்விகள்: பிடித்தது தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதானா, முதுகில் தள்ளினானா? பிடிபடும் முன்பே பந்தை அனுப்ப அவனுக்கு வாய்ப்பு இருந்ததா, அதாவது நிலைகொண்டு நின்றானா, விலகி ஓடப் பார்த்தானா? வாய்ப்பு இருந்திருக்கவில்லை என்றால், அனுப்ப மெய்யாகவே முயன்றானா, அல்லது முயல்வதுபோல் நடித்தானா? பந்து வெளியே வந்தது அவன் விட்டதாலா, பிடியின் வேகத்தில் தெறித்ததாலா? இத்தனைக்கும் ஒரு நொடி அவகாசம், ஓடிக்கொண்டே.

ஒரு சின்னக் கணக்கு. இந்த நான்கு கேள்வியிலும் இரண்டு அம்பயர்கள் 100-க்கு 95 முறை ஒத்துப்போகிறார்கள் என்று வையுங்கள். மனிதக் கண்ணுக்கு அது அபாரமான ஒற்றுமை. ஆனால் நான்கிலும் சேர்ந்து ஒத்துப்போவது 0.95-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: 81 சதவீதம். ஐந்து டாக்கிளில் ஒன்றில் அவர்கள் ஏதோ ஒரு படியில் பிரிந்துவிடுகிறார்கள். யாருக்கும் கண் மங்கவில்லை, விதி தெரியாமலும் இல்லை. படிகள் கூடக் கூட ஒற்றுமை தேய்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் உளவியலில் "சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு" என்று ஒன்று கைகொடுக்கிறது. ரேடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா, பறவையா என்று முடிவெடுப்பவர்களை ஆராய்ந்ததில் வளர்ந்தது. அது ஒரு தீர்ப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. எவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறீர்கள் என்பது ஒன்று. எவ்வளவு உறுதி வந்தால் வாயைத் திறப்பீர்கள் என்பது மற்றொன்று. இரண்டு அம்பயர்களுக்கும் ஒரே கூர்மை இருக்கலாம். ஆனால் ஒருவர் 60 சதவீதம் உறுதி வந்ததும் ஊதுவார், இன்னொருவர் 80 வரை காத்திருப்பார். ஒரே டாக்கிளை ஒரே கோணத்திலிருந்து பார்த்து, ஒரே மாதிரி புரிந்துகொண்டு, இருவரும் வெவ்வேறு தீர்ப்பு தருவார்கள். ரசிகர்கள் "கண்ணு தெரியலையா?" என்று கத்துகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஊத எவ்வளவு உறுதி வேண்டும் என்ற வாசலின் உயரத்தில் இருக்கிறது.

வாசல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. அதை நகர்த்துவதில் முதலாவது கூட்டம்.

இங்கிலாந்தில் ஆலன் நெவில், நைஜல் பால்மர், மார்க் வில்லியம்ஸ் மூவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற 40 கால்பந்து ரெஃப்ரிகளுக்கு லிவர்பூல்–லெஸ்டர் ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, சிலருக்கு ஒலி இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகத் தப்புச் சொன்னார்கள். கவனியுங்கள், அந்த ரெஃப்ரிகள் மைதானத்தில் நின்றிருக்கவில்லை. எந்த ரசிகனும் அவர்களை மிரட்ட முடியாது. வெறும் பதிவு செய்த ஓசைதான் அப்படிச் செய்தது. பயத்தால் வளைவதாகத் தோன்றவில்லை. சந்தேகமான நொடியில் மூளை கைக்குக் கிடைக்கும் எல்லாத் தகவலையும் சேர்த்துக்கொள்கிறது, பல்லாயிரம் பேரின் அலறலும் அதில் ஒரு தகவலாகிவிடுகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

ஃபுட்டியிலும் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பிலிப் மோர், கெர்ஸ்டின் லார்சன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்து அணிகள் வெளிமாநில அணிகளோடு மோதும்போது விக்டோரிய அம்பயர்களின் ஃப்ரீ கிக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்தது. சொந்த மாநில அணிகளின் பக்கம் சாய்ந்தன. வெளிமாநில நகரங்களான பெர்த்திலும் அடிலெய்டிலும் இருப்பவர்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, அம்பயரின் சொந்த ஞாபகம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்னிங் பிளெஸ்னர், டில்மன் பெட்ஷ் இருவரும் கால்பந்துப் பெனால்டிகளை வைத்து 2001-இல் ஒன்றைக் காட்டினார்கள். ஓர் அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்ட பிறகு, அதே அணிக்கு இரண்டாவது கொடுக்க முடிவெடுப்பவர்கள் தயங்குகிறார்கள். எதிரணிக்குக் கொடுப்பது எளிதாகிவிடுகிறது. காட்சி ஒன்றுதான், முன்னால் நடந்தது மட்டும் வேறு. 2008-இல் கிறிஸ்டியன் உன்கெல்பாக், டானியல் மெம்மெர்ட் இருவரும் மஞ்சள் அட்டைகளைப் பார்த்தார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே அட்டை வருகிறது. இன்னும் மோசமான தப்பு பின்னால் வரக்கூடும் என்று அளவுகோலின் மேல்முனையை ரெஃப்ரி காலியாக வைத்திருக்கிறார். ஆட்டம் போகப் போகத்தான் அன்றைய அளவு அவர் மனதில் நிலைகொள்கிறது. முதல் கால்பகுதியில் விட்டதைக் கடைசிக் கால்பகுதியில் ஏன் ஊதினாய் என்ற ஃபுட்டி ரசிகனின் கேள்விக்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

இதில் ஒரு முரண்பாடும் ஒளிந்திருக்கிறது. ஃப்ரீ கிக் கணக்கு 12–4 என்று தொலைக்காட்சியில் ஓடியதும் "இன்னொரு பக்கமும் கொஞ்சம் ஊதுங்கப்பா" என்று கத்துகிறவர்கள், சீரான தீர்ப்பையா கேட்கிறார்கள்? கணக்கைச் சமன் செய்யச் சொல்கிறார்கள். சமன் செய்ய வேண்டுமானால் முன்பு ஊதாததை இப்போது ஊத வேண்டும். சீர்மையைக் கெடுப்பதற்கு அதைவிட நேர்வழி கிடையாது.

மூன்றாவது, நிற்கும் இடம். கால்பந்தில் ஆஃப்சைடு தப்பாகக் கொடுக்கப்படுவதற்குப் பெரும்பங்கு லைன்ஸ்மேனின் பார்வைக் கோணம்தான் காரணம் என்று நெதர்லாந்தின் ரவுல் ஊடெயான்ஸ் குழு 2000-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. ஃபுட்டியில் கோணச் சிக்கல் இன்னும் மோசம், ஏனென்றால் மைதானம் பெரிது, ஆட்டம் எல்லாத் திசையிலும் ஓடுகிறது. இதற்கு லீக் கண்ட வழி ஆட்களைக் கூட்டுவது. 1976 வரை களத்துக்குள் ஒரே ஒரு அம்பயர். அந்த வருடம் இரண்டானார்கள், 1994-இல் மூன்று, 2023 முதல் நான்கு. எல்லைக்கோட்டு அம்பயர்களும் கோல் அம்பயர்களும் தனி. நான்கு பேர் என்றால் பந்துக்கு எப்போதும் ஒருவர் அருகில் இருப்பார், களைப்பும் குறையும். களத்து அம்பயர் ஒரு ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் நான்கு பேர் என்றால் நான்கு வாசல். தனி ஒருவர் ஊதிய காலத்தில் அவர் கண்டிப்பானவரா, தாராளமானவரா என்பதை முதல் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டு வீரர்கள் அதற்கேற்ப ஆடினார்கள். இன்று பந்து மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் தீர்ப்பளிப்பவர் மாறிவிடுகிறார். ஒவ்வொரு தீர்ப்பின் துல்லியமும் ஏறுகிறது, தீர்ப்புகளுக்கு இடையேயான ஒற்றுமை இறங்குகிறது. இரண்டும் ஒருசேர ஏறும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

இதை அளக்க முடியாதா? முடியும், கவனமாக. அம்பயர் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் பிறகு வீடியோவில் பார்த்து, ஊதியிருக்கக் கூடாதவை எத்தனை, ஊதத் தவறியவை எத்தனை என்று குறிக்கிறார்கள். பால் லார்கின் முதலான ஆய்வாளர்கள், ஃபுட்டி அம்பயர்களுக்கென்றே வீடியோத் துண்டுகளால் ஆன ஒரு தீர்ப்புச் சோதனையை 2014-இல் உருவாக்கினார்கள். பிறகு ஏடன் கிட்டல் தலைமையில் 360 பாகை மெய்நிகர்க் காட்சியிலும் முயன்றார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அம்பயர் களத்துக்குள் நிற்பதைப் போலத் தலையைத் திருப்பிப் பார்க்கலாம்.

அளப்பதில் ஒரு பொறி உண்டு. 100 மோதல்களை இரண்டு அம்பயர்கள் தனித்தனியே பார்க்கிறார்கள், ஒவ்வொருவரும் 10-க்கு ஊதுகிறார்கள். 90 மோதல்களில் இருவரும் ஒத்துப்போனார்கள் என்றால் பிரமாதமாகத் தோன்றும். இப்போது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, இஷ்டத்துக்கு 10 மோதல்களுக்கு ஊதுவதாக வையுங்கள். இருவரும் ஊதாமல் விட்டவை மட்டுமே சுமார் 81, இருவரும் தற்செயலாகச் சேர்ந்து ஊதியது 1. கண்ணைத் திறக்காமலே 82 சதவீத ஒற்றுமை! ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த "காப்பா" என்ற அளவு இந்த இனாம் ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கச் சொல்கிறது. 82-க்கு மேல் ஏற முடிந்தது 18 படி, ஏறியது 8. காப்பா 0.44. மருத்துவர்கள் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வதில் இப்படி ஒரு எண் வந்தால் "நடுத்தரம்" என்பார்கள். ஆக, அம்பயர்கள் 90 சதவீதம் சரி என்று யாராவது சொன்னால், ஊதாமல் விட்டதையும் சேர்த்தா எண்ணினீர்கள் என்று கேட்பது நல்லது.

இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பார்கள். எங்கே கேள்வி எளிதோ, அங்கே விட்டாயிற்று. 2009 இறுதிப் போட்டியில் ஜீலாங் அணியின் டாம் ஹாக்கின்ஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது, பட்டால் கோல் கிடையாது, ஆனால் கோலுக்கான 6 புள்ளி கொடுக்கப்பட்டது. செயின்ட் கில்டா 12 புள்ளியில் தோற்றது. 2011 இறுதிப் போட்டியிலும் காலிங்வுட்டின் ஷாரட் வெல்லிங்ஹம் உதைத்ததில் அதே கதை. 2012-இல் வீடியோ மறுஆய்வு வந்தது. பந்து கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற கேள்விக்கு உண்மையில் ஒரு விடை இருக்கிறது, கேமரா அதைக் கண்டுபிடிக்கும். அதிலும் ஓட்டை இருந்தது. 2023 ஆகஸ்டில் அடிலெய்டின் பென் கீஸ் சிட்னிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் உதைத்த பந்தைக் கம்பத்தில் பட்டதாகக் கோல் அம்பயர் அறிவித்தார். அவருக்குச் சந்தேகமே இல்லாததால் மறுஆய்வுக்குப் போகவில்லை. பந்து கம்பத்தில் படவில்லை. அடிலெய்டு 1 புள்ளியில் தோற்றது, அதோடு அந்தப் பருவத்தின் இறுதிச்சுற்று வாய்ப்பும் போனது. லீக்கின் தலைமை நிர்வாகி பிழையை ஒப்புக்கொண்டார். கருவி இருந்தது, கேட்க வேண்டியவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்கிளுக்கு இந்த வழி உதவாது. "மெய்யாகவே முயன்றானா" என்பதற்குக் கேமராவில் பதில் கிடையாது. அதைவிட மோசம், மெதுவாக ஓட்டிக் காட்டினால் தீர்ப்பே மாறுகிறது. யூஜின் கருசோ குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வன்முறைக் காட்சியை மெதுவான வேகத்தில் பார்த்தவர்கள் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று கூடுதலாக நம்பினார்கள். செய்தவனுக்கு யோசிக்க நேரம் இருந்ததாக ஒரு மயக்கம் உண்டாகிறது. தேர்ந்த கால்பந்து ரெஃப்ரிகளை வைத்து 2018-இல் யோகிம் ஸ்பிட்ஸ் குழு செய்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. மெதுவாகப் பார்த்தால் தண்டனை கடுமையாகிறது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து ஒரே டாக்கிளை நான்கு தடவை மெதுவேகத்தில் பார்த்துவிட்டு அம்பயரைத் திட்டுகிறவர், அம்பயர் பார்த்ததையே பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அம்பயரின் மூளைக்குள் நடப்பது. என் பார்வையில் பெரிய குற்றவாளி அங்கே இல்லை, விதிநூலிலும் அதை நடுவழியில் திருப்பித் திருப்பி வாசிப்பவர்களிடமும் இருக்கிறார். 2022 பருவத்தில் அம்பயரின் தீர்ப்பைக் கண்டு கையை விரித்துக் காட்டினாலே 50 மீட்டர் தண்டனை, அதாவது எதிரணி பந்தோடு 50 மீட்டர் முன்னேறலாம் என்றார்கள். சில வாரங்கள் மும்முரமாக ஊதினார்கள், பிறகு அது தணிந்தது. அதே வருடம் ஜூலையில், கழுத்துக்கு மேல் பிடி விழும்படி தானே குனிந்தும் முழங்காலை மடக்கியும் ஃப்ரீ கிக் சம்பாதிக்கிற வீரர்களுக்கு இனி கிடையாது என்று விளக்கம் வந்தது. நியாயமான விளக்கம்தான், ஆனால் பருவம் பாதி கடந்த பிறகு. 2024 மே மாதம் ஹோல்டிங் தி பால் விதியில், பிடிபட்டவனுக்குத் தரும் "நியாயமான நேரம்" இனிமேல் குறையும் என்று அறிவித்தார்கள். மார்ச்சில் ஆடிய அணிகளுக்கு ஓர் அளவு, ஜூனில் ஆடியவர்களுக்கு இன்னோர் அளவு. புள்ளிப் பட்டியல் மட்டும் ஒன்று. இதற்கு எந்த அம்பயரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் சொன்னதைச் செய்தார்கள்.

மனதைப் படிக்கச் சொல்லும் விதிகளை மாற்றலாமா என்றால், ஓர் இடத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். பந்தை வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே அனுப்பினால் ஃப்ரீ கிக் என்பது பழைய விதி. வேண்டுமென்றே என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? "பந்தை உள்ளே வைத்திருக்கப் போதுமான எண்ணம் காட்டவில்லை" என்று வாசகத்தை இறுக்கினார்கள். எண்ணத்தை அளக்கும் வேலை அப்படியே இருந்தது. தென் ஆஸ்திரேலிய லீக் 2016-இல் எண்ணத்தையே தூக்கி எறிந்துவிட்டது: கடைசியாக யார் உதைத்தோ குத்தியோ பந்து வெளியே போனதோ, எதிரணிக்கு ஃப்ரீ கிக். யார் மனதில் என்ன இருந்தது என்ற கேள்வியே எழவில்லை. திறமையாக உதைத்த பந்து கோணலாகத் துள்ளி வெளியே போனாலும் தண்டனையா என்று பலர் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது, சீரான விதி சில சமயம் அநியாயமாகவும் இருக்கும். 2021-இல் வந்த, உதைத்த பந்தை அந்தரத்தில் பிடித்து ‘மார்க்’ வாங்கியவனுக்கு எதிரே நிற்பவன் அசையவே கூடாது என்ற விதிக்கும் இதே கதிதான். அசைந்தானா இல்லையா என்பதில் தகராறு குறைவு. அரை அடி நகர்ந்ததற்கு 50 மீட்டரா என்ற ஆத்திரம் அதிகம்.

நான் சொல்வேன், அந்த ஆத்திரம் பரவாயில்லை. யார் செய்தாலும் அதே தண்டனை என்று தெரிந்த விதியை வீரர்கள் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். எந்த அம்பயர், எந்த முனை, எந்த மாதம் என்பதைப் பொறுத்து மாறும் விதியை யாராலும் பழக முடியாது. டாக்கிள் ஆட்டத்தின் உயிர், அதை நாடாவால் அளக்க முடியாது என்பதும் உண்மை. குறைந்தபட்சம், மார்ச்சில் சொன்ன அளவை செப்டம்பர் வரை மாற்றாமல் இருக்கலாம். ஊதத் தவறியவற்றையும் ஊதியவற்றோடு சேர்த்து வாராவாரம் எண்ணிக்கையாக வெளியிடலாம். அப்போது 20–8 என்று கத்துகிறவருக்கும் கையில் ஓர் ஒழுங்கான கணக்கு இருக்கும்.

கடைசியாக அனுப்பிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் என்ற விதியை, இரு முனைக் கோல்களிலிருந்தும் 50 மீட்டரில் வரைந்த வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மட்டும், 2026 பருவத்திலிருந்து ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கும் எடுத்துக்கொண்டது. ஹோல்டிங் தி பால் விதியில் "நியாயமான நேரம்" மட்டும் அப்படியே நிற்கிறது. அது எத்தனை நொடி என்று விதிநூல் சொல்வதில்லை.